நாவற்பொற்றைக் குளம் தேடிய காதை

கிழக்கே அம்பூரி மலைச்சரிவுகளில் இலையுதிர்த்து நின்ற இரப்பர்க் காடுகளைத் தடவி வந்த வறண்ட காற்றும், தென்மேற்கே காரோட்டுக் கரைமணலைக் கடந்து உப்பைச் சுமந்து வந்த கடற்காற்றும், தமக்குள் யார் பெரியவர் என்று தீர்த்துக்கொள்ள மாட்டாமல் நடுவழியில் முட்டிக்கொண்டு நிற்கும் மாசித் திங்களின் முற்பகலில், பாறசாலைக்குத் தெற்கே, மலையாள நாடு முடிந்து தமிழ்நாடு தொடங்கும் எல்லைக்கோட்டை ஒட்டி, மலையாளப் பக்கத்திலேயே கிடக்கும் நாவற்பொற்றை என்னும் சிற்றூரை, தமிழறிந்த நண்பரே, நீர் ஒருமுறை மேட்டிலேறி நின்று பார்த்தருள வேண்டும். செம்மண் சரிவும் மரச்சீனி என்னும் மரவள்ளித் தோட்டமும் தென்னையும் வாழையுமாக முப்பத்திரண்டு வீடுகள். நடுவே கிறித்தவர்களின் வெள்ளையடித்த வேதக்கோயில். கீழண்டையில் சிறியதொரு சாத்தன் கோயில். வடக்கே, சரக்குந்துகள் ஓயாமல் இரையும் பெருவழியைத் தேடிச் செல்லும் ஒரு கப்பிச்சாலை. பெயரில் நாவல் இருக்கிறதே தவிர ஊரில் நாவல்மரம் ஒன்றுகூட இல்லை. பொற்றை என்னும் பாறைமேடோ வேண்டிய மட்டும் இருக்கிறது. தண்ணீர்தான் இல்லை.

இருபத்தேழு கிணறுகள் இருந்தும் என்ன! மாசி பிறந்ததும் அவை அத்தனையும் அடியில் ஒரு குடம் கலங்கலை மட்டும் தேக்கிக்கொண்டு, கயிறு விட்டவர் கையை நோகடித்து வெறும் வாளியைத் திருப்பியனுப்பும். கிழமைக்கு இருமுறை தண்ணீர்வண்டி வரும். வரும் என்று சொல்லிய நாளில் வராது, வராது என்று எல்லாரும் குளிக்கப் போன பொழுதில் வந்து ஒலிப்பானை அடிக்கும். அப்பொழுது முப்பத்திரண்டு வீட்டுக் குடங்களும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடிவர, நேற்றுவரை ஒரே தட்டில் பலாச்சுளை தின்ற பெண்கள் ஒருவர் முன்னோரை ஒருவர் பெயர் சொல்லி அழைக்கத் தொடங்குவார்கள். அந்த வரிசையில் முழங்கையால் இடிபட்டு, புடைவை நனைந்து, அரைக்குடத்தோடு திரும்பியவர்களுள் ஒருவர்தாம் இக்காதையின் தலைவியாகிய விமலகுமாரி அம்மையார்.

அம்மையார் முப்பத்தொரு ஆண்டுகள் பள்ளியில் புவியியல் கற்பித்து ஓய்வு பெற்றவர். மார்த்தாண்டத்துப் பக்கத்திலிருந்து இவ்வூருக்கு மணமாகி வந்தவர். பிள்ளைகள் ஆற்றை மலைமேல் ஏற்றி வரைந்தாலும் பொறுத்துக்கொள்வார். ஆனால் ஓர் ஊரில் மழை இத்தனை பெய்தும் தண்ணீர் நிற்பதற்கு ஓரிடம் இல்லை என்பதை அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. சரிவு இருக்கிறது, சரிவின் அடியில் தாழ்வு இருக்கிறது, தாழ்வில் ஒரு குளம் இருந்திருக்கத்தான் வேண்டும், எவனோ தூர்த்திருக்கிறான், அவனைக் கண்டுபிடித்து, குளத்தைத் தோண்டி, இந்த முழங்கை இடிகளுக்கெல்லாம் ஒரு முடிவு கட்டுவேன் என்று, நனைந்த புடைவையோடு நின்ற அந்நாளிலேயே உறுதி பூண்டார். அவர் கணவர் சுந்தரதாஸ், அரசுப் பேருந்தை முப்பது ஆண்டு ஓட்டிய அமைதியான மனிதர், அதைக் கேட்டுவிட்டு, "கண்டுபிடி, கண்டுபிடி" என்று மட்டும் சொல்லி நாளிதழைத் திருப்பினார்.

ஊராட்சி ஏடுகளில் குளம் இல்லை. அம்மையார் வேறு வழி எடுத்தார். நூறாண்டுக்கு முன்னர், திருவிதாங்கூர் மன்னர் காலத்தில், வெள்ளையர் நில அளவையாளர்கள் மேடும் பள்ளமும் ஓடையும் ஒற்றையடிப்பாதையும் ஒன்று விடாமல் அளந்து, ஒரு மைலை ஓர் அங்குலமாகச் சுருக்கி வரைந்த நிலவரைபடங்கள் உண்டு. அவற்றுள் பலவற்றை வெளிநாட்டுப் பல்கலைக்கழக நூலகமொன்று இணையத்தில் யாவரும் காண இட்டுவைத்திருக்கிறது. அம்மையார் கணினியின் முன் அமர்ந்து தேடினார். பாறசாலைத் தாள் கிடைத்தது. கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு தெற்கே, தெற்கே என்று விரலை நகர்த்தினால், அட, இதைக் கேளும், நாவற்பொற்றையின் வடபாதியோடு தாள் முடிந்துவிட்டது! ஊரின் தென்பாதி அடுத்த தாளில் இருந்தது. அடுத்த தாள் அந்த நூலகத்தில் இல்லை. மலையாள நாட்டு அலுவலகத்தில் கேட்டால் அது தமிழ்நாட்டுப் பகுதி என்றார்கள். தமிழ்நாட்டு அலுவலகத்தில் கேட்டால் ஊர் மலையாளத்து ஊர்தானே என்றார்கள். இரண்டு பேருந்து மாறிப் போய், இரண்டு மொழியில் எழுதிக்கொடுத்து, இரண்டு இடத்திலும் நண்பகலுணவுப் பொழுதில் வெளியே நின்று, அம்மையார் நான்கு திங்களைத் தொலைத்தார். "ஊரை இப்பிடி மரச்சீனிக் கிழங்கு கணக்கா ரெண்டாட்டு முறிச்சு வெச்சவன் எவன்?" என்று வீட்டுக்கு வந்து கத்துவார். சுந்தரதாஸ் நாளிதழின் மறுபக்கத்தைத் திருப்புவார்.

இறுதியில், மறு ஆண்டு தை முடியும் வேளையில், வெளிநாட்டில் இருக்கும் தமக்கை மகன் எங்கெங்கோ எழுதிப் பெற்று இரண்டாம் தாளை அனுப்பிவைத்தான். இரண்டையும் அச்சிட்டு, ஓரத்தைக் கத்தரித்து, பசையிட்டு ஒட்டி, உருப்பெருக்கியைப் பிடித்துப் பார்த்த அம்மையார் இருக்கையிலிருந்து எழுந்தே விட்டார். நீலம்! கடுகளவே ஆனாலும் நீலம்! நாவற்பொற்றையின் தாழ்வில் ஒரு குளம். அதற்கு நேர் வடக்கே, சாலையோரத்தில், நில அளவையாளர்கள் நட்ட உயரக்குறிக் கல்லின் அடையாளம். வீட்டில் தனியே நின்றுகொண்டு அம்மையார் கைதட்டினார். அந்த மகிழ்ச்சியை நாம் அவருக்கு விட்டுவைப்போம், பின்னால் வருவது அப்படிப்பட்டது.

அந்தக் குறிக்கல் எங்கிருக்கிறது என்பது அம்மையாருக்கு மணமாகி வந்த நாள்முதல் தெரியும். வேதக்கோயிலின் வாயிற்படியாகக் கிடக்கும் நீண்ட கருங்கல்லில் ஒரு கிடைக்கோடும், அதை நோக்கி நிமிர்ந்த மூவிரல் அம்பும் வெட்டப்பட்டிருந்தன. ஊரார் அதனை, முதன்முதல் வந்த வெள்ளைக்கார வேத ஊழியர், அவர்கள் சொல்லில் ஐயர், தம் கையால் வெட்டிய அடையாளம் என்றும், வானுலகை நோக்கு என்று அம்பு சொல்வதாகவும் நம்பினர். மணமக்கள் கோயிலுக்குள் நுழையுமுன் வெறுங்காலோடு அக்கல்லின்மேல் நின்று கும்பிடுவது வழக்கம். விளைச்சல் விழாவின்போது அதற்கு மாலையும் உண்டு. அம்மையாரும் தம் மணநாளில் அதன்மேல் நின்றவர்தாம். நின்றபடியே குனிந்து பார்த்து, ஐயையே, இது நில அளவைக் குறி அல்லவா என்று தமக்குள் சிரித்துக்கொண்டவர். ஊரில் தாம் ஒருவரே அறிந்த அந்த மறைபொருள், முப்பத்துநான்கு ஆண்டுகள் நெஞ்சில் இனித்துக்கொண்டு கிடந்தது. வரைபடத்தில் வேதக்கோயில் இல்லையே என்னும் ஐயம் எழாமல் இல்லை. கோயில் பின்னால் கட்டியது, கல் முன்னால் நின்றது, கல்லை ஒட்டிக் கோயிலைக் கட்டினார்கள் என்று உடனே விடையும் கண்டுகொண்டார். விடை அத்தனை அழகாகப் பொருந்தியதால் வேறு யாரையும் கேட்க வேண்டியதாகத் தோன்றவில்லை.

பிறகு அளவை தொடங்கியது. கணினியை நம்பாமல், திசைகாட்டியும் நூறடி நாடாவும் எடுத்துக்கொண்டு, நாடாவின் மறுமுனைக்குச் சுந்தரதாஸைப் பூட்டிவிட்டு, வாயிற்படிக் கல்லிலிருந்து தெற்கே நானூற்றிருபது தப்படியை அம்மையார் ஆறு நாள் அளந்தார். வாழைத்தோட்டத்துக்குள்ளும் வேலிக்கு மேலும் ஆட்டுக்கொட்டிலின் ஊடாகவும் நாடா சென்றது. "கல்லு மேல வையுங்க, இளகாம பிடியுங்க" என்பார் அம்மையார். "பிடிச்சாச்சு" என்பார் சுந்தரதாஸ். ஆறாம் நாள் நாடா போய் நின்ற இடம், தாணு என்பவர் வீடு கட்டுவதற்காகக் கடைக்கால் எழுப்பியிருந்த நிலத்தின் நட்டநடு.

தாணு அமரவிளைச் சாலையோரத்தில் வாழைக்குலை விற்பவர். கடந்த ஐப்பசி மழையில் அவருடைய பழைய மண்வீடு இடிந்து விழுந்துவிட, மனைவி குமாரியோடு ஒற்றையறை ஒன்றில் வாடகைக்குக் குடியிருந்துகொண்டு, அரசு உதவியோடு புதுவீடு தொடங்கியிருந்தார். மகள் தன்யாவுக்கு வைகாசியில் முதற்பேறு. தலைப்பிள்ளைக்குத் தாய்வீட்டுக்குத்தான் வரவேண்டும். ஒற்றையறையில் எங்கே படுக்கவைப்பது? வைகாசி நடுவில் தொடங்கும் இடவப்பாதி மழைக்கு முன் கூரை ஏறிவிட வேண்டும் என்று கணவனும் மனைவியும் நாளெண்ணிக்கொண்டிருந்தனர். அம்மையார் இவற்றையெல்லாம் அறியாதவர் அல்லர். ஒரு வீட்டைவிட முப்பத்திரண்டு வீடுகளின் தண்ணீர் பெரிது என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டு, குளத்தைத் தூர்த்த நிலத்தில் கட்டடம் எழுப்பலாகாது என்னும் சட்டத்தைக் காட்டி, வரைபடத்தின் படியோடும் அளவைக் குறிப்புகளோடும், எழுத்துப்பிழை ஒன்றில்லாத ஒன்பது பக்க முறையீட்டைச் சிற்றூர் அலுவலரிடம் கொடுத்துவிட்டார். நான்காம் நாள் வேலையை நிறுத்தும் ஆணை தாணுவின் கைக்கு வந்தது.

தாணு அன்று மாலையே அம்மையாரின் வாசலில் வந்து நின்றார். "டீச்சரே, எனக்க அப்பனும் அவருக்க அப்பனும் மரச்சீனி போட்ட விளையாக்கும் அது. அங்க குளமொண்ணும் கெடையாது. கடைக்கால் தோண்டும்ப நான் பாத்தேனே, மொத்தமும் வெட்டுக்கல்லு."

"உனக்க அப்பனுக்கும் முந்தி உண்டு, தாணு. படத்துல உண்டு. நான் சொல்லல்ல, படம் சொல்லுது."

"படத்துக்க மேலயா டீச்சரே எனக்க மவ பிள்ளை பெறப்போறா?"

அம்மையாருக்குச் சினம் வந்தது. கதவைச் சாத்திவிட்டு உள்ளே போய், ஒரு குளத்தை மீட்பதற்கு ஊரில் எத்தனை பேரிடம் ஏச்சு வாங்கவேண்டியிருக்கிறது என்று சுந்தரதாஸிடம் அரைமணிப்பொழுது முறையிட்டார். ஊரும் இரண்டுபட்டது. குடம் சுமப்பவர்கள் டீச்சர் பக்கம். தாணுவோடு ஒட்டுறவு உள்ளவர்கள் மறுபக்கம். குடமும் சுமந்து தாணுவுக்கு உறவுமாக இருந்த பாவப்பட்டவர்கள் இரு பக்கமும் தலையாட்டினார்கள்.

பங்குனி நடுவில் அலுவலர் ஆட்களோடு வந்து, மண்ணைத் தோண்டிப் பார்த்துவிடுவோம் என்றார். ஊரே கூடியது. கடைக்காலின் நடுவில் முதற்குழி தோண்டினார்கள். இரண்டடியில் கடப்பாரையில் பொறி பறந்தது. குளத்தின் கரையாக இருக்கும், இன்னும் தெற்கே தோண்டுங்கள் என்றார் அம்மையார். தெற்கே தோண்டினார்கள், அங்கும் வெட்டுக்கல் பாறை. மேற்கே என்றார். மேற்கே தோண்டியபோது கடப்பாரையின் முனையே வளைந்துவிட்டது. குளம் இருந்த இடமாயின் அடியில் கருஞ்சேறு இருக்கவேண்டும். இங்கோ உலகம் படைத்த நாள்முதல் ஒரு சொட்டுத் தண்ணீர் நின்றதற்கான அடையாளம்கூட இல்லை. குமாரி, தன் வீட்டுக் கடைக்கால் மூன்றிடத்தில் குடையப்பட்டுக் கிடப்பதைப் பார்த்தபடி, "இன்னும் எங்க தோண்டணும் டீச்சர்? எனக்க நெஞ்சுலயா?" என்று கேட்டுவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நடந்து போய்விட்டாள்.

அம்மையாருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வரைந்தவர்கள் மேல் எரிச்சல், அச்சிட்டவர்கள் மேல் எரிச்சல், அந்தப் பாறைமேல் எரிச்சல். கள்ளைக் குடித்துவிட்டா அளந்தார்கள் வெள்ளைக்காரன்மார் என்று முணுமுணுத்துக்கொண்டே, நாடாவைத் தூக்கிக்கொண்டு வேதக்கோயிலுக்குப் போய், வாயிற்படிக் கல்லின்முன் மண்டியிட்டு, திசைகாட்டியை அதன்மேல் வைத்து மறுபடியும் பார்க்கத் தொடங்கினார். கோயிலைக் கூட்டிக்கொண்டிருந்த கோயில்குட்டியார் அஜேஷ், கோயிற் பணிகளைப் பார்த்து மணியடிக்கும் நடுவயதினர், விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன டீச்சர், ஜெபமா?"

"அளவு பாக்கியேன். இந்தக் கல்லு நேரா நின்னா அந்தக் குளம் அங்க நிக்கணும், அஜேஷ். நிக்கமாட்டேங்குது."

"இந்தக் கல்லா? இது இஞ்ச உள்ள கல்லு இல்லல்லா."

அம்மையார் மெல்லத் தலையை நிமிர்த்தினார்.

"ரோட்டை அகலம் கூட்டுன காலத்துல ரோட்டோரத்துல கெடந்ததாக்கும். அந்தா, சாயாக்கடை இருக்கில்லா, அதுக்க முன்ன. வெள்ளைக்கார ஐயருக்க கல்லு அனாதையாட்டு கெடக்கப்பிடாதுன்னு நாலு பேரு கம்பு கெட்டிச் சொமந்து கொண்டாந்து இஞ்ச படியாட்டுப் போட்டாவ. எல்லாருக்கும் தெரியுமே!"

எல்லாருக்கும் தெரியும்! நண்பரே, இந்தச் சொல்லை விடக் கொடிய சொல் அன்றைக்கு நாவற்பொற்றையில் பேசப்படவில்லை. கல்லின் குறி இன்னதென்று ஊரில் தாம் ஒருவரே அறிந்திருந்தார்; கல் எங்கிருந்து வந்தது என்பதை அவர் ஒருவரைத் தவிர ஊரே அறிந்திருந்தது. சாயாக்கடை அங்கிருந்து கிழக்கே ஏறத்தாழ முந்நூறு தப்படி. தாளில் அது அரை நெல்லின் நீளம். அந்த அரை நெல்லைக் கொண்டு ஒரு வீட்டை நிறுத்திவைத்திருக்கிறேனே என்று எண்ணியபடி, அம்மையார் நாடாவைச் சுருட்டிக்கொண்டு வீட்டை நோக்கி நடந்தார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் அடி சுந்தரதாஸின் தலையில் விழுந்தது. "அந்தக் கல்லு ரோட்டுல கெடந்த கல்லாமே! தெரியுமா உங்களுக்கு?"

"தெரியுமே. தூக்குன நாலு பேருல ஒருத்தரு எனக்க அப்பனாக்கும்."

"ஆறு நாளு! ஆறு நாளு அதுக்க மேல டேப்பைப் பிடிச்சிட்டு நின்னிய! ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா?"

"நீ பிடிக்கச் சொன்னே, பிடிச்சேன். கல்லு எங்க உள்ளதுன்னு நீ கேட்டியா? படிச்சவ, எல்லாம் தெரிஞ்சிட்டுத்தான் அளக்குதான்னு நெனச்சேன்."

அம்மையார் நெற்றியில் அடித்துக்கொண்டார். இந்த மனிதரைச் சினந்து என்ன பயன். இவர் சொல்வதில் பிழையென்று காட்ட ஒரு சொல்லாவது கிடைத்தால் ஆறுதலாக இருக்கும், அதுவும் கிடைக்கவில்லை. மறுநாள் விடிந்ததும் யாரையும் அழைக்காமல், சாயாக்கடையின் முன்னிருந்து தெற்கே நாடாவை இழுத்தார். சாலை கடந்தது, சரிவு இறங்கியது, ஒரு வேலி வந்தது. வேலியைத் தாண்டும்போது எங்கோ பார்த்த வேலிபோல் இருக்கிறதே என்று நிமிர்ந்தார். அது அவர் வீட்டு வேலி. நாடா அவருடைய அடுக்களைச் சுவரில் போய் முட்டி நின்றது.

நம்பாமல் மறுபடியும் அளந்தார், மறுபடியும் அடுக்களை. அடுக்களையின் பின்னே கடப்பாரையால் குத்தினார். இரண்டு சாண் செம்மண், அதற்குக் கீழே கடப்பாரை வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. வெளியே வந்தது கருஞ்சேறு. அதில் வெளுத்துப்போன நத்தை ஓடுகள். ஒவ்வொரு மழைக்கும் அடுக்களைத் தரை வியர்த்துத் துணி விரித்துத் துடைத்ததெல்லாம் ஒவ்வொன்றாக அப்பொழுது நினைவுக்கு வந்தது. மாமனார், சுந்தரதாஸ் பிறப்பதற்கு முன்பே, இந்நிலத்தை வாங்கிய கையோடு பின்னாலிருந்த தண்ணீரை மண்ணிட்டு மூடி வீட்டைக் கட்டிவிட்டு, முன்னால் பாறையை வெடிவைத்துப் பிளந்து கிணறு வெட்டியிருக்கிறார். அந்தக் கிணற்றில் மாசியில் தவளைகூட இருக்காது. முப்பத்துநான்கு ஆண்டுகள் குளத்தின்மேல் நின்று சோறு பொங்கிக்கொண்டு, புவியியல் கற்பித்துக்கொண்டு, தண்ணீர்வண்டிக்குப் பின்னால் ஓடியிருக்கிறார் விமலகுமாரி அம்மையார். சேற்றுக்கையோடு அங்கேயே உட்கார்ந்து, அழுகையா சிரிப்பா என்று தெரியாதபடி சற்றுப்பொழுது குலுங்கினார்.

அடுத்து எழுந்த எண்ணத்தையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். படத்தை வாசிக்க ஊரில் வேறு ஆள் இல்லை. தோண்டிய குழியை மூடிவிடலாம்; அளவையில் பிழை நேர்ந்துவிட்டது, முறையீட்டைத் திரும்பப் பெறுகிறேன் என்று இரண்டு வரி எழுதிக்கொடுத்தால் தாணு வீட்டைக் கட்டிக்கொள்வார், அடுக்களையும் நிற்கும். அம்மையார் அந்த இரண்டு வரியை எழுதினார். எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கும் போனார்.

சிற்றூர் அலுவலர் பெண்மணி, நல்லவர், ஆனால் கோப்பு அவரைவிடப் பெரியது. தாளை வாங்கிப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "டீச்சரே, இது இப்படிப் பின்வலிக்க ஒக்காது. நாவற்பொற்றையில குளம் உண்டுன்னு நீங்கதான் மேப்பு வெச்சு நிரூபிச்சிருக்கு. மேலாபீஸும் அதை ஏத்துக்கிட்டாச்சு. இப்ப குளம் இல்லன்னு சொன்னா ஆரு நம்புவா? அவிட இல்லெங்கில் எவிடன்னு காட்டணும். காட்டல்லேன்னா ஃபைல் மேல போவும். அது திரிச்சு வர ஒரு கொல்லமோ ரெண்டு கொல்லமோ."

"அதுவரைக்கும் தாணுக்க வீடு?"

"ஸ்டே உண்டல்லோ. அங்ஙனே கெடக்கும்."

கேட்டீரா இந்த முறையை! அம்மையார் எழுதிய முறையீடு அரைகுறையாக இருந்திருந்தால் அன்றே கிழித்துப் போட்டிருப்பார்கள். ஒன்பது பக்கமும் ஓட்டை இல்லாமல் எழுதிவைத்ததால், அதை எழுதியவராலேயே இப்பொழுது உடைக்க முடியவில்லை. தம் எழுத்தின்மேல் அவருக்கு அப்படியொரு வெறுப்பு வாழ்நாளில் வந்ததில்லை. வெளியே வந்து நடைபாதையில் நின்றார். ஒரு கொல்லம் என்றால் முழுதாக ஓராண்டு, அதற்குள் மழை வந்துவிடும், தன்யாவுக்குப் பிள்ளை பிறந்துவிடும், அந்த ஒற்றையறையில் ஈரத்துணி தொங்கும். வாயைத் திறந்து இடத்தைக் காட்டினால் தம் அடுக்களை போகும், ஒட்டியிருக்கும் அறை போகும், மாமனாரின் பெயர் ஊர்வாயில் விழும், புவியியல் டீச்சர் குளத்துமேலயே இருந்தாளாம் என்று சாயாக்கடையில் பத்தாண்டுக்குச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், நாசமாய்ப் போகட்டும் என்று உரக்கவே சொல்லிவிட்டு, அருகில் நின்றவர் திடுக்கிட்டு ஒதுங்க, மறுபடியும் உள்ளே போய், தம் வீட்டு நிலத்தின் எண்ணை எழுதிக்கொடுத்தார்.

நிலம் சுந்தரதாஸின் பெயரில் இருந்தமையால் அவரும் ஒப்பமிட வேண்டும் என்றார்கள். அன்று மாலை அம்மையார் தாளை அவர்முன் வைத்து, ஒன்றும் சேர்க்காமல் ஒன்றும் குறைக்காமல் நடந்ததைச் சொன்னார். சுந்தரதாஸ் எழுந்து போய் அடுக்களையை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். அவருடைய தாய் உயிர்விட்டது அந்த அடுப்படியில்தான்.

"மண்ணு போட்டு நிரத்துனது எனக்க அப்பனாக்கும். ஒப்பு நான்தான் இடணும்" என்று சொல்லி, பேனாவை வாங்கி, பேருந்துப் பணிமனையின் வருகைப்பதிவேட்டில் இடுவதுபோல் முழுப்பெயரையும் எழுதினார். கணவர்மேல் அந்தக் கல்லின் பொருட்டுத் தேங்கியிருந்த எரிச்சல் அம்மையாருக்கு அந்நொடியில் இருந்த இடம் தெரியாமற் போயிற்று.

தாணுவின் ஒற்றையறைக்குப் போனதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. அம்மையார் நின்றபடியே சொன்னார்: "தப்பு எனக்கதாக்கும். குளம் எனக்க வீட்டுக்க அடியில. உங்களுக்குத் தடை நீங்கிடும்." தாணு, செரி டீச்சர் என்று தலையசைத்தார். குமாரி எழுந்திருக்கவும் இல்லை, உட்காரச் சொல்லவும் இல்லை. "ரெண்டு மாசம் போச்சு. மழைக்கு முன்ன கூரை ஏறட்டு, பெறவு பேசலாம்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். அம்மையார் திரும்பினார். அந்தச் சொல் தமக்கு உரியதுதான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

சித்திரையில் அடுக்களையை இடித்தார்கள். ஊராட்சி ஆட்களோடு முப்பத்திரண்டு வீட்டாரும் மண்வெட்டி எடுத்து வந்தனர். சாயாக்கடையில் சிரித்தவர்களும் வந்தனர், வந்தும் சிரித்தனர். ஒன்றரை ஆள் ஆழத்தில், பழைய படிக்கல் இரண்டு தென்பட்ட இடத்தில், கருஞ்சேற்றின் நடுவே கண் திறந்ததுபோல் தண்ணீர் கசிந்தது. மூன்றாம் நாள் முழங்காலளவு நின்றது. எட்டாம் நாள் பெண்கள் குடத்தோடு வந்து, வரிசையும் இல்லாமல் வசவும் இல்லாமல் மொண்டுகொண்டு போயினர். அதே நாட்களில் தாணுவின் வீட்டில் கொத்தனாரும் ஆட்களும் விடியுமுன் தொடங்கி இருட்டும்வரை நின்றார்கள். வைகாசி பிறந்து நான்காம் நாள் மேற்கூரை வார்த்தார்கள். பலகை பிரித்த மறுநாளே, ஈரம் காயாத அந்த வீட்டுக்குள் தன்யா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

அம்மையாரின் வீட்டில் புது அடுக்களை எழவில்லை. ஆட்கள் இன்றைக்கு, நாளைக்கு என்றார்கள். முன்வாசலில் மூன்று கல் கூட்டி, தார்ப்பாய் ஒன்றைக் கயிற்றில் கட்டி, அதன்கீழ் அவர் உலை வைத்துக்கொண்டிருந்தார். இடவப்பாதி மழை வழக்கம்போல் சொல்லாமல் ஒரு நண்பகலில் வந்தது. வந்த வேகத்தில் தார்ப்பாயைப் பிடுங்கிக்கொண்டு போயிற்று. அடுப்பு அவிந்தது, விறகு மிதந்தது, களைந்து வைத்த அரிசிமேல் மழை பொழிந்தது. அம்மையார் அரிசிப்பானையை மார்போடு அணைத்துக்கொண்டு, எல்லார்மேலும் வந்த எரிச்சலில் வாய் கோணி, நனைந்து நின்றார்.

வேலிக்கு அப்பாலிருந்து ஒரு கருங்குடை வந்தது. குடைக்கு அடியில் குமாரி.

"அரிசியைக் கொண்டு வாருங்க டீச்சர். எனக்க அடுக்களையில ரெண்டு அடுப்பு உண்டு. ஒண்ணுல தன்யாக்கு வெந்நி கெடக்கு, மத்தது சும்மா இருக்கு."

அம்மையார் பானையை இன்னும் இறுக்கிக்கொண்டார். "அந்த அடுக்களையை ரெண்டு மாசம் முடக்கிப் போட்டவ நானாக்கும், குமாரி."

"அது எனக்குத் தெரியாதா? மறக்கவும் மாட்டேன். அதுக்கு இப்ப என்ன, அரிசி நனையுது, வாருங்க."

பழம்படங்களை விரித்துவைத்துக்கொண்டு ஊர்களின் நேற்றைத் தேடும் நண்பரே, அந்தத் தாள்களில் மேடும் பள்ளமும் குளமும் வழியும் அளவு பிசகாமல் இருக்கின்றன. அவற்றின்மேல் இன்றைக்கு யார் உலை வைத்திருக்கிறார் என்பதை வரைந்து வைக்க எவராலும் இயலவில்லை. அதனை அக்கம்பக்கத்தில் கேட்டுத்தான் அறிய வேண்டும். கேட்காதவர் அறியும்போது யாரேனும் ஒருவர் வீடு இழந்திருப்பார். விமலகுமாரி அம்மையார் பானையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, குமாரியின் குடைக்குள் தலையைக் குனிந்து புகுந்தார்.